சாமந்திக்குப் போதாத வெளிச்சம்

மொட்டு விட்டிருப்பதை லீசூ கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் கண்டுபிடித்தாள். செடிகள் சாயாமலிருக்கப் பாத்தியின் மேல் கட்டியிருந்த வலையை ஒரு சாண் உயர்த்திக்கொண்டே போனபோது, ஒரு கொழுந்தில் மிளகளவுக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினாள். அடுத்த செடியைத் தடவினாள். அதற்கடுத்ததையும். பாத்தி முழுக்க அப்படியேதான் இருந்தது.

செடிகள் அவள் முழங்காலைக்கூட எட்டியிருக்கவில்லை.

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஜனவரி மாதத்து வாடைக்காற்று கால்வாய்ப் பக்கமிருந்து வந்து வலையைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. முதுகுதான் வலித்தது. இன்னும் பதினோரு பாத்திக்கு வலை உயர்த்த வேண்டும் என்று ஒரு மனம் கணக்குப் போட்டது. இனி உயர்த்தி என்ன ஆகப்போகிறது என்று இன்னொரு மனம் அதற்குப் பதில் சொன்னது.

சாமந்தி, இரவு நீண்டால் பூத்துவிடும் செடி. குளிர்காலத்தில் அதைச் சும்மா விட்டால் ஒரு சாண் உயரத்திலேயே பூ வைத்துவிட்டு நின்றுபோகும். அதனால் தியென்வெய் வட்டாரத்தில் எல்லோரும் வயலுக்கு மேலே கம்பி இழுத்து வரிசை வரிசையாகப் பல்பு தொங்கவிட்டு, இரவு பத்திலிருந்து இரண்டு வரை எரிய விடுவார்கள். இன்னும் கோடைதான் என்று நம்பிக்கொண்டு செடி வளர்ந்துகொண்டே போகும். தண்டு தொடையளவு வந்தபின் விளக்கை நிறுத்தினால், அதிலிருந்து இரண்டு மாதத்தில் பூ. ஏப்ரலில் முன்னோர் கல்லறையைக் கூட்டிப் பூ வைக்கும் நாளுக்கு வெள்ளைச் சாமந்தி வேண்டுமென்றால் விளக்கை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று இங்கே சந்தையில் இறைச்சி வெட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

லீசூ இன்னும் விளக்கை நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு இரவும் டைமர் டக்கென்று விழும் சத்தம் அறைக்குள் கேட்கும். வயல் பளீரென்று வெளுக்கும். முன்பிருந்த மஞ்சள் வெளிச்சத்தைவிட அது எத்தனையோ மடங்கு பளிச்சென்று இருந்தது. அப்படியிருந்தும் மொட்டு வந்திருக்கிறது.

அந்த விளக்குகளைக் கொண்டுவந்தவன் அவள் கொழுந்தன் யுங்ஃபா. யுவான்லினில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். டிசம்பர் தொடக்கத்தில், நாற்று நட்ட மறுநாள், சின்ன லாரியில் பத்துப் பதினைந்து அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

"அண்ணி, இந்தாங்க. ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்து வச்சேன், அந்த ஆளு கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டான். எல்லாம் எல்.இ.டி. ஏழே வாட். மழை பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உங்க சுருள் பல்பு இருபத்துமூணு வாட் குடிக்குது. அதெல்லாம் கழட்டித் தூரப் போடுங்க."

"நல்ல வெளிச்சம் இருக்குமா?"

"வெளிச்சமா? விமானம் இறங்கிடும் அண்ணி, உங்க வயல்ல!"

அவன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அண்ணன் மிங்தாவ் பக்கவாதம் வந்து விழுந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அண்ணி ஒற்றை ஆளாக ஒரு ஏக்கரை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தன்னால் முடிந்தது என்று கொண்டுவந்திருந்தான். கழற்றி மாட்ட மட்டும் அவனால் முடியவில்லை, மூட்டு வலி. அதனால் லீசூவே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஐந்து நாள் வயலுக்குள் நடந்தாள். ஏறுவாள், பழையதைத் திருகி எடுப்பாள், புதியதைத் திருகுவாள், இறங்குவாள், ஏணியை நகர்த்துவாள். நடுவே வீட்டுக்கு ஓடி மிங்தாவுக்குக் கஞ்சி ஊட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி வருவாள்.

மிங்தாவும் அப்போது ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். பக்கவாதம் அவன் வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. எண்ணச் சொன்னால் நூறு வரை எண்ணுவான். கெட்ட வார்த்தை திட்டச் சொன்னால் ஒரு பிசிறு இல்லாமல் திட்டுவான். ஆனால் சோறு என்று கேட்க நினைத்தால் செருப்பு என்று வரும். இரண்டு வருஷத்தில் லீசூ அவன் சொல்லைக் கேட்டுப் பொருள் தேடுவதை மெல்ல விட்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். சாப்பாட்டு நேரமா, மாத்திரை நேரமா, தூக்கமா என்று அதுவே சொல்லிவிடும்.

அன்று அவன் சக்கர நாற்காலியிலிருந்து இடது கையை நீட்டி, "செவப்பு இல்ல. செவப்பு இல்ல" என்றான்.

"செவப்புப் பயறுதானே? இருக்கு, இருக்கு. கஞ்சி வச்சுத் தர்றேன்."

"இல்ல. செவப்பு. இல்ல!"

"அதான் இருக்குன்னு சொல்றேன்ல."

இனிப்புப் போட்டுச் சிவப்புப் பயறு காய்ச்சி எடுத்துவந்து ஊட்டினால், கிண்ணத்தை இடது கையால் தள்ளிவிட்டான். தரையெல்லாம் பயறு. லீசூ மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "நான் என்ன கல்லா? காலைல அஞ்சு மணிலேர்ந்து ஏணில தொங்குறேன். உனக்குக் கிண்ணத்தைத் தள்ளத் தெம்பு இருக்கு!" மூன்று நாள் கழித்து அவள் கடைசி விளக்கை மாட்டியபோது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பியே வைத்திருந்தான்.

இதெல்லாம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு நினைவு வரவில்லை. அப்போது நினைவில் வந்தது யுங்ஃபா மட்டும்தான். போனை எடுத்தாள்.

"உன் விளக்கு என் பயிரைக் கொன்னுடுச்சு."

"என்ன அண்ணி சொல்றீங்க? எரியலையா?"

"எரியுது. பேயாட்டம் எரியுது. எரிஞ்சும் மொட்டு விட்டிருக்கு. முழங்கால் உயரத்துல பூ வந்தா எவன் வாங்குவான்? நீ வாங்குவியா? உன் கடைல வச்சு விப்பியா?"

"அண்ணி, வெளிச்சம்னா வெளிச்சம்தானே? பழசைவிட அதிகம்தானே குடுத்தேன்? நாத்து சரியில்லாம இருக்கும், இல்ல உரம்..."

"நாப்பது வயசு வரைக்கும் மண்ணுல காலை வைக்காதவன் எனக்கு நாத்து சொல்லித் தர்றான்!"

அவள் போனை வைத்தாள். சத்தம் போட்டதில் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

சத்தம் அடுத்த வயலுக்கும் கேட்டிருக்க வேண்டும். சுவேலியன் மூங்கில் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு வரப்பு தாண்டி வந்தாள். லீசூவைவிட ஆறு வயது இளையவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. போன வருஷம் அவள் தன் வயல் முழுக்கச் சிவப்பு எல்.இ.டி. மாட்டியபோது, லீசூதான் ஊர் கேட்கச் சிரித்தாள். "என்னடி, சாலையோரத்துல கலர் விளக்கு போட்ட வெத்தலைக் கடையாட்டம் பண்ணி வச்சிருக்கே? லாரிக்காரனுங்க நிறுத்திப் பாக்கு கேக்கப் போறானுங்க!" என்றாள்.

சுவேலியன் குனிந்து ஒரு கொழுந்தைப் பிரித்துப் பார்த்தாள். நிமிர்ந்து, "என் வெத்தலைக் கடைல செடி தொடை வரைக்கும் வந்துடுச்சு அக்கா" என்றாள்.

"சொல்லு, சொல்லு. இன்னிக்கு உன் நாள்."

"சொல்ல வரல. நாளைக்குக் காலைல ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து ஹுவாங் சார் என் வயலுக்கு வர்றாரு. இங்கயும் இழுத்துட்டு வர்றேன். நீங்க போய் ஒரு மணி நேரம் படுங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

படுக்க நேரமில்லை. மிங்தாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகியிருந்தது.

ஹுவாங் சார் நாற்பதைத் தாண்டியவர். கண்ணுக்குக் கீழே பை தொங்க, காலில் சேறு காய்ந்த பூட்ஸோடு வந்தார். தீவு முழுக்கச் சுற்றி வந்தவர் மாதிரி ஒரு சலிப்பு அவர் நடையிலேயே தெரிந்தது. பேச்சைக் குறைத்து, பாத்தி பாத்தியாக நடந்தார். நுனி இலை வில்லோ மரத்து இலைபோல ஒடுங்கியிருப்பதைக் காட்டினார். விளக்கு போதாதபோது வருகிற இலை அது என்றார். கால்வாய் ஓரம் வரை போனவர் அங்கே நின்றார்.

"அக்கா, இங்க வாங்க. இந்த ரெண்டு வரிசை மட்டும் ஏன் இப்படி?"

லீசூ போய்ப் பார்த்தாள். கால்வாய் ஓரத்து இரண்டு பாத்திகள் மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். மொட்டே இல்லை. வலைக்கு மேலே இலை தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அவள் அந்தக் கோடிக்கு மருந்தடிக்கத்தான் போயிருந்தாள், அதுவும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எப்போது முடியும் என்று பார்த்தபடியே.

"அங்க வரைக்கும் ஏணியைத் தூக்கிட்டு வரத் தெம்பு இல்ல சார். பழைய சுருள் பல்பையே விட்டுட்டேன்."

"மஞ்சளா எரியுமே, அதுவா?"

"ஆமா."

அவர் ஏணியைக் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளை விளக்கைக் கழற்றி, அதன் கழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "இது மனுசங்க கார் நிறுத்தறதுக்குச் செஞ்ச விளக்கு அக்கா. நம்ம கண்ணுக்கு இது பளிச்சுனு இருக்கும். ஆனா செடிக்கு நம்ம கண்ணு கிடையாது. நைட்டு இல்ல, பகல்தான்னு அது நம்பணும்னா அதுக்குச் செவப்பு வெளிச்சம் வேணும். பழைய குண்டு பல்புல அது நெறைய இருந்துச்சு. சுருள் பல்புல, மஞ்சளா எரியறதுல, போதுமான அளவு இருக்கு. இந்த வெள்ளைல நீலம்தான் ஜாஸ்தி. செவப்பு இல்ல."

லீசூவின் தலை வீட்டுப் பக்கம் திரும்பியது.

"செவப்பு சுத்தமா இல்லைனு சொல்லல. கம்மி" என்று அவர் தன்னைத் திருத்திக்கொண்டார். பிறகு மேலே பார்த்து விரலால் எண்ணினார். "இது என்ன, ஒண்ணு விட்டு ஒண்ணு காலியா இருக்கு?"

"ரொம்ப வெளிச்சமா இருந்துச்சு சார். எதுக்கு அத்தனைனு... ஒண்ணு விட்டு ஒண்ணு மாட்டினேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

"எல்லா இடத்துலயும் மாட்டியிருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும்" என்றார் ஹுவாங் சார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல ஏணியை மடக்குவதில் மும்முரமானார்.

சுவேலியன் வாயைத் திறந்தவள், லீசூவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

இனி செய்ய ஒன்றும் இல்லை, இந்த வெள்ளை விளக்கை அணைத்துவிடுங்கள், வந்தது வரட்டும், குட்டைத் தண்டு மலர்வளையம் கட்டுகிறவர்களுக்கு ஆகும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மின்சாரம் மிச்சம்தான் வேண்டுமென்றால் சிவப்பு எல்.இ.டி. போடுங்கள், அதுவும் ஏழெட்டு வாட்தான் என்றார். லீசூ தலையாட்டினாள். அவர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. செவப்பு இல்ல என்ற இடத்திலேயே அவள் நின்றுபோயிருந்தாள்.

வீட்டுக்குள் மிங்தாவ் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தான். அவள் சேற்றுக் காலோடு அவன் முன்னால் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னது விளக்கைத்தானா?"

அவன் பந்தை அமுக்குவதை நிறுத்தினான்.

"செவப்பு இல்லைன்னியே. பயறு இல்லைல? விளக்குல செவப்பு இல்லைன்னு. அதானே?"

மிங்தாவின் வாய் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று இந்த இரண்டு வருஷமாக அவளால் உடனே கண்டுபிடிக்க முடிவதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது. விழுவதற்கு முந்தின வருஷம் அவன் ஆராய்ச்சி நிலையத்துக் கூட்டத்துக்குப் போய்வந்து, சிவப்பு விளக்கைப் பற்றி இராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு மணி நேரம் பேசியிருந்தான். அன்றும் அவள் களைத்துப்போய்த்தான் இருந்தாள். ம்ம் கொட்டியதுதான் நினைவிருக்கிறது.

"ஏன்யா, இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கக் கூடாதா?" என்றாள். கேட்ட பிறகு தன் கேள்வி தனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கிண்ணத்தைத் தள்ளினானே, அதற்குமேல் எப்படிக் கத்துவான்?

மிங்தாவ் மூச்சை இழுத்து, தெளிவாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், தம்பி யுங்ஃபாவை அவன் பரம்பரையோடு சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"அது உன் பரம்பரையும்தான்" என்றாள் லீசூ. அப்போது இரண்டு பேருமே சிரித்தார்கள்.

யுங்ஃபா மறுநாள் வந்தான். போனில் வாங்கிய ஏச்சு அவன் காதுகளில் இன்னும் சிவந்திருந்தது. வரும் வழியில் சமாதானத்துக்கு ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றான். லீசூவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் இன்றைக்கும் தூங்க முடியாது என்று பட்டது.

"உள்ள வா. முந்தாநாள் உன்னை அளவுக்கு மேல திட்டிட்டேன்."

"திட்டுங்க அண்ணி. விசாரிக்காம குடுத்தது என் தப்புதான். இன்னிக்குத்தான் கம்பெனிக்காரனைக் கேட்டேன். வயலுக்குனு தனியா இருக்குதாம். எனக்கு யாரு சொன்னா?"

"உன் தப்பு பாதி. ஒண்ணு விட்டு ஒண்ணு மாட்டினது நான். உன் அண்ணன் சொன்னதைக் கேக்காததும் நான்."

"அண்ணன் சொன்னாரா? என்ன சொன்னாரு?"

"கேட்டுப் பாரு. உன்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு."

யுங்ஃபா உள்ளே போனான். அந்தக் கெட்ட வார்த்தை கூடத்திலிருந்து வாசல் வரை கேட்டது. யுங்ஃபா கைதட்டிச் சிரித்தான். "அண்ணனுக்குப் பேச்சு வந்துடுச்சு அண்ணி!"

அவன் மூட்டு வலியோடு மூன்று நாள் வந்தான். ஏணியில் அவன் ஏறினான், கீழே லீசூ பிடித்துக்கொண்டாள். ஏறும்போதெல்லாம் "ஐயோ அம்மா" என்றான், இறங்கும்போதெல்லாம் "ஐயோ அப்பா" என்றான். வெள்ளை விளக்குகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். எட்டு விளக்குகளை மட்டும் லீசூ எடுத்து வைத்துக்கொண்டாள். பூ தரம் பிரிக்கும் கொட்டகையில் இதுவரை மங்கலான ஒற்றைக் குழல் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அங்கே இந்த வெள்ளையை மாட்டியதும் இதழில் உள்ள சின்னக் கறைகூடத் தெரிந்தது. கார் நிறுத்துமிடத்துக்கும் கொட்டகைக்கும் பொருந்துகிற விளக்கைத்தான் தன் வயலில் ஐந்து நாள் தொங்கித் தொங்கி மாட்டினோம் என்று நினைத்தாள். அதை நினைக்கக்கூட அலுப்பாக இருந்தது. மீதியை யுங்ஃபா எடுத்துப்போய் யாரோ ஒரு கிடங்குக்காரருக்குத் தள்ளிவிட்டான்.

பூ மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கல்லறை கூட்டும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஒன்றரைச் சாண் தண்டில், வெள்ளை வெளேரென்று, அழகாகவே வந்தது. அழகாயிருந்து என்ன? பூச்சந்தையில் வியாபாரி ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன லீசூ, பொம்மைக் கல்யாணத்துக்கா?" என்றார். ஹுவாங் சார் சொன்ன மாதிரி மலர்வளையம் கட்டுகிற ஒரு பெண்தான் வந்து மொத்தமாக எடுத்துப்போனாள். கொடுத்ததை லீசூ எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கால்வாய் ஓரத்து இரண்டு பாத்தி மட்டும் உரிய நாளில் உரிய உயரத்தில் பூத்தது. அதை அவள் தனியாக, நீளத் தண்டோடு கட்டி விற்றாள்.

அடுத்த நடவுக்குச் சிவப்பு விளக்கு போட்டார்கள். விளக்குப் பெட்டியைத் திறந்ததும் லீசூ ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், கூடத்தில் மாட்டி எரிய விட்டு, மிங்தாவிடம் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். எத்தனை அடிக்கு ஒன்று என்று கேட்டாள். அவன் எண்ணிக் காட்டினான், எண்களில்தான் அவனுக்குத் தடங்கலே இல்லையே. ஒரு இடத்தையும் காலியாக விடாமல் மாட்டினாள். சுவேலியன் அந்தப் பக்க வரப்பிலிருந்து, "அக்கா, ரெண்டு வெத்தலை, சுண்ணாம்பு கூட!" என்று கூவினாள். லீசூ ஏணியிலிருந்தே ஒரு பழைய கையுறையை அவள்மேல் விட்டெறிந்தாள்.

செடி வளர்ந்தது. வேலையும் குறையவில்லை. ஒருநாள் சாயங்காலம் மருந்தடித்துவிட்டு வந்து குளித்து, சாதமும் வதக்கிய வள்ளிக்கிழங்குக் கீரையும் எடுத்துக்கொண்டு அவனருகில் உட்கார்ந்தபோது, மிங்தாவ், "தண்ணி" என்றான்.

முன்பென்றால் கேட்காமலே ஏதாவது செய்திருப்பாள். இப்போது கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தண்ணின்னா என்ன? சாப்பாடா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"மாத்திரையா? கால் வலிக்குதா? டிவியா? செருப்பா?"

எதுவுமில்லை. "தண்ணி, தண்ணி" என்று ஜன்னலைக் காட்டினான். ஜன்னலை மூடினாள். திறந்தாள். போர்வை கொண்டுவந்தாள். நகம் வெட்டியைக் காட்டினாள். தாய்ச்சுங்கிலிருக்கும் மகளைச் சொல்கிறானோ என்று போட்டோவைக் காட்டினாள். கண் சொருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவனை விட்டு எழுந்திருக்கவில்லை. "மெல்லச் சொல்லு, நான் எங்கயும் போகல" என்றாள். கால் மணி நேரம் போனது. மிங்தாவுக்குப் பொறுமை போய், தனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் வரிசையாகச் சொல்லி முடித்தான்.

அந்த அமைதியில்தான் அவளுக்கு மோட்டார் சத்தம் கேட்டது. மருந்துத் தொட்டியைக் கழுவத் திறந்துவிட்ட குழாயை மூடாமலே வந்திருந்தாள்.

"அட கடவுளே, தண்ணியேதானா!"

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். கொட்டகை வாசல் குளமாகியிருந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மூச்சு வாங்கினாள். உள்ளேயிருந்து மிங்தாவ் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டித் தட்டிச் சிரிக்கும் சத்தம் வந்தது. இதை இறைத்துத் தள்ள இன்னும் ஒரு மணி நேரமாகும். அவள் துடைப்பத்தைத் தேடினாள்.